இடப்பக்கத்துக் கிளச்

வேலையை விட்ட பிறகும் எனக்கு அழைப்பு வருவது நிற்கவில்லை. பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள், "நிஸ்தார் நானா, மனுவல் கியர் எடுக்கவா, ஓட்டோ கியர் எடுக்கவா?" என்று கேட்பார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "செருப்பைக் கழட்டிப் போட்டு மண்ணில நில்லுங்கோ. சுடுதா?" என்று கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அழைப்பைத் துண்டித்துவிடுவார்கள். போன கிழமை தலைமன்னார்ப் பக்கத்தில் இருந்து பேசிய ஒருவர், "நானா, நான் காரைக் கேட்டன், நீங்க காலைக் கேக்கிறீங்களே" என்றார்.

கராஜில் இப்போது வேலை செய்கிறவர்களும் இதை வைத்துக் கேலி பண்ணுவார்கள். அவர்கள்தான், "ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க எண்டு எங்கட மெக்கானிக் சங்க ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்த் தீவில் உள்ள தாராபுரம். ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது சண்டையில் முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். பள்ளிக்கூடம் அத்தோடு முடிந்தது. அங்கே ஒரு கராஜில் சேர்ந்து முதலில் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவினேன், பிறகு கழற்றினேன், பிறகு பூட்டினேன். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபோது கியர் பெட்டி வேலை எனக்குத் தெரிந்திருந்தது. மன்னாரில் ஜவ்பர் நானாவிடம் சேர்ந்தேன். வேலையை விடும் வரைக்கும் அந்த ஒரு கராஜ்தான்.

ஜவ்பர் நானா பழைய டீசல் வாகனங்களைத் தெற்கில் இருந்து எடுத்து வந்து, திருத்தி விற்பவர். மற்றவர்களுக்காக வாகனம் பார்த்துக் கொடுக்கவும் போவார். என்ஜினை அவர் பார்ப்பார், கியர் பெட்டியை நான் பார்ப்பேன். ஊரில் எல்லோரும் அவரைப் பாஸ் என்பார்கள். எனக்கு அவர் நானா, அண்ணன் மாதிரி. அவருடைய மனைவியை, அக்காவைக் கூப்பிடுவதுபோல, லாத்தா என்று கூப்பிடுவேன். வேலைக்கு நான் வந்த முதல் நாளில் இருந்து பகல் சோறு லாத்தாவின் கையால்தான்.

நானா வாகனம் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். போனதும் விற்பவருக்குச் சலாம் சொல்லிவிட்டு, என்ஜினை மூடியிருக்கும் பொனற்றின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால், "ஆறட்டும், நாங்க பிறகு வாறம்" என்று திரும்பிவிடுவார். டீசல் என்ஜினின் நோய் குளிரில் ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருப்பவர் எதையோ மறைக்கிறார் என்பது அவருடைய எண்ணம். ஸ்டார்ட் பண்ணிய பிறகு பேசமாட்டார். என்னையும் பேச விடமாட்டார். யன்னல்களை மூடச் சொல்லிக் கையைக் காட்டுவார்.

ஏறுவதற்கு முன் இடது காற் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிடுவார். வலது காலில் செருப்பு இருக்கும், இடது கால் வெறுங்காலாக இருக்கும். கிளச்சை அப்படித்தான் மிதிப்பார். ஒருமுறை விற்பவர் ஒருவர், "ஏன் பாஸ், ஒரு செருப்போட ஓட்டுறீங்க?" என்று கேட்டார். "கையுறை போட்டுக்கொண்டு நீங்க சோறு தின்னுவீங்களோ?" என்று நானா திருப்பிக் கேட்டார்.

எங்கள் தீவில் மேடு கிடையாது. ஏற்றத்தில் நிறுத்தி கிளச்சைச் சோதிப்பது என்பது எங்களுக்கு இல்லாத வசதி. அதனால் நானா ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாம் கியரில் போட்டு, கிளச்சை மெல்ல விடுவார். நல்ல கிளச் என்றால் என்ஜின் ஒரு உதறு உதறி உடனே நிற்கும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேற் தேய்ந்துவிட்டது. பிறகு வெளியே ஓட்டிப் போய் இரண்டாம் கியரில் வேகம் பிடித்து, சட்டென்று அக்சிலேற்றரில் இருந்து காலை எடுப்பார். கியர்க் கம்பு தானாக வெளியே பாய்கிறதா என்று நான் அதன்மேல் கையைத் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பேன். அவருடைய உள்ளங்காலும் என்னுடைய உள்ளங்கையும் சேர்ந்தால் பெட்டியைக் கழற்றாமலே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம்.

ஓட்டோ கியரை நானாவுக்குப் பிடிக்காது. வந்தால் ஒழுங்காகத்தான் பார்ப்பார். கியர் எண்ணெய்க் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கச் சொல்வார். சர்பத் மாதிரிச் சிவப்பாக இருந்தால் நல்லது. பிளேன்டீ மாதிரிக் கறுத்து, கருகின மணம் வந்தால் அந்த வாகனத்தை விட்டுவிட்டு வர வேண்டும். நியூட்டரலில் இருந்து டிரைவில் போட்டால் ஒரு மூச்சு விடுவதற்குள் பிடிக்க வேண்டும். கடற்காற்றில் எண்ணெய் போகும் குழாய் கீழ்ப்பக்கமாகத் துருப்பிடித்து ஒழுகும். அதைப் பார்க்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஓட்டோ வாங்கக் கூடாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு நானா முகத்தைச் சுளிப்பார். "மற்றது எல்லாத்தையும் விடு. பார்க் பண்ணுற எழுத்தை என்னெண்டு எழுதியிருக்கிறான் பார். பீ! இத்தனை வருசம் ஓடியிருக்கிறன், ஒருநாளும் நான் வாகனத்தைப் பீயில விட்டிட்டு இறங்கினதில்ல."

அவர் ஓட்டோவை வெறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெருநிலப் பக்கத்தில் இருந்து வயல் செய்கிற ஒரு அண்ணை எங்கள் பேச்சைக் கேட்காமல் ஓட்டோ கார் ஒன்று வாங்கினார். மழைக்காலத்தில் பட்டரி இறங்கிவிட்டது. மனுவல் என்றால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் பண்ணியிருக்கலாம். அவர் தன்னுடைய உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி, வயல் வழியில் இருந்து பாலம் தாண்டி மன்னார் வரைக்கும் அதை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஓட்டோ பெட்டியை அப்படி இழுத்தால் எண்ணெய் சுற்றாமல் உள்ளே எல்லாம் வெந்துவிடும். கராஜ் வாசலில் நிறுத்தியபோதே கருகல் மணம் வந்தது.

"பட்டரிதான் பாஸ், வேற ஒண்டுமில்ல. மெதுவாத்தான் இழுத்தனான்" என்றார் அந்த அண்ணை, சந்தோசமாக.

நானா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு" என்றார். கெட்ட செய்தியை அவர் சொல்லமாட்டார். நான் அதைச் சொல்லி முடிக்கும் வரை அந்த அண்ணை சிரித்துக்கொண்டே இருந்தது இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

இனி அந்தக் கிளச் விசயத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் நானா திருத்தி முடித்த கார் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கிளச்சில பிடி தெரியேல்ல. பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். அந்தக் காருக்கு நான்தான் புதுப் பிளேற் போட்டிருந்தேன். மறுபடி பெட்டியை இறக்கினோம். பிளேற், பெயாரிங், கேபிள் எல்லாம் நன்றாக இருந்தன. பூட்டினோம். நானா மீண்டும் ஓட்டினார். "அப்பிடியேதான் இருக்கு" என்றார்.

அடுத்து வந்த வானிலும் அதையே சொன்னார். அதையும் இறக்கினோம். அதிலும் ஒன்றும் இல்லை. கராஜில் இருந்தவர்கள் ஆளை ஆள் பார்த்தார்கள். பாஸுக்கு என்னோடு ஏதோ கோபம், அதை வாகனத்தில் காட்டுகிறார் என்று ஒருவன் என் காதில் சொன்னான். கடைசியில் நானே வானை எடுத்துக்கொண்டு பள்ளிமுனை வரைக்கும் போய் வந்தேன். கிளச் பிடிக்கிற இடம் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

"நானா, எனக்குப் பிடி தெரியுது" என்றேன்.

"அப்ப நான் பொய் சொல்லுறனோ?"

"இல்ல நானா."

"பிறகென்ன. திருப்பிக் கழட்டு."

திருப்பியும் கழற்றினேன். அவர் சொன்னால் அதற்குமேல் எனக்குப் பேச்சு வராது. அதோடு, ஜவ்பர் நானாவின் கால் சொன்னால் அது பிழையானதே இல்லை. அவ்வளவு வருடமும் கண்ட உண்மை அது. வாகனத்தில் இல்லாத பிழை வேறு எங்கே இருக்க முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வாகனத்தைத் தவிர வேறெதையும் பார்க்கத் தெரியாதவர்கள் நாங்கள்.

மூன்றாவது வாகனம் ஒரு பழைய பிக்கப். அதன் கிளச் பெடலில் இறப்பர் இல்லை, வெறும் இரும்பு, ஒரு மூலை உடைந்து கூராக நின்றது. நானா அதைப் பாலம் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து இறங்கினார். வழக்கம்போலச் செருப்பைப் போடக் காலை நீட்டினார். நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது பெடலும் கீழே இருந்த பாயும் இரத்தமாக இருந்தன.

"நானா, கால்!"

அவர் குனிந்து பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே ஆழமாக வெட்டியிருந்தது. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

"இது எப்ப?" என்று என்னைக் கேட்டார்.

பாலம் வரை போய் வந்த தூரம் முழுக்க அந்த இரும்பு அவர் காலைக் கிழித்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. நானாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது எல்லோருக்கும் தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் குடிப்பார், பின்னேரம் பார்த்து லாத்தாவுக்குத் தெரியாமல் இனிப்புத் தொதல் தின்பார், அவ்வளவுதான் அந்த வருத்தத்தைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது. அது காலின் உணர்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

துணியால் கட்டிவிட்டு, "லாத்தாட்டச் சொல்லாத" என்றார். அன்று பின்னேரமே நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். லாத்தா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நல்லாத்தான் பார்த்தார்கள். ஆனால் புண் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். திரும்பாமலே பேசினார்.

"நிஸ்தார்."

"ஓம் நானா."

"அந்த வாகனங்களுக்கு ஒண்டுமில்ல, என்ன?"

"ஒண்டுமில்ல நானா."

"கழட்டிப் பாத்திருக்க வேண்டியது என்னையத்தான்."

வீட்டுக்கு வந்த பிறகு அவர் கராஜுக்கு வரவில்லை. கதவுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, வீதியில் போகிற வாகனங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். பார்ப்பார் என்று எழுத மனம் வரவில்லை, ஏனென்றால் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். "மூண்டில ஏத்தாம ரெண்டிலயே கொண்டு போறான், மடையன்" என்பார். சாப்பாடு குறைந்தது. ஆட்களோடு கதைப்பது குறைந்தது. லாத்தா ஒருநாள் என்னை அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார்.

"தம்பி, உன்ட நானாக்கு ஒரு ஓட்டோ எடுத்துக் குடு. ஓட்டினாத்தான் இந்த மனுசன் பிழைக்கும்."

உள்ளே இருந்து நானாவின் சத்தம் கேட்டது. "என்ன சொல்லுறாள்? கால் போனதும் என்னைய மூண்டு சக்கரத்தில ஏத்தப் பாக்கிறாளோ? சந்தியில நிண்டு ஆள் ஏத்திறதுக்கோ?"

எங்கள் ஊரில் முச்சக்கர வண்டியையும் ஓட்டோ என்றுதான் சொல்வோம். லாத்தா சொன்னது ஓட்டோ கியர்க் கார். அதை விளக்கியதும் நானா, "அதுக்கு இது பரவாயில்ல, மூண்டு சக்கரமே நல்லம்" என்றார். ஆனால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

கடைசியில் பார்க்கப் போவோம் என்று சம்மதித்தார். புத்தளம் பக்கத்தில் எனக்குத் தெரிந்த இடம் ஒன்றில் ஒரே மாதிரியான இரண்டு டீசல் கார்கள் நின்றன. ஒன்று மனுவல், ஒன்று ஓட்டோ. நான் முதலில் ஓட்டோவைப் பார்த்தேன். பிழை இருந்தால் நல்லது என்று மனதுக்குள் எதிர்பார்க்கவில்லை, அது நல்லதாக இருக்க வேண்டும் என்றுதான் அல்லாஹ்விடம் கேட்டேன். எண்ணெய் சர்பத் மாதிரி இருந்தது. குழாய்கள் துருவில்லை. டிரைவில் போட்டதும் பிடித்தது. ஒரு கியரில் இருந்து மற்றதுக்கு ஏறுவது தெரியாமல் ஏறியது. என் வேலைக் காலத்தில் பார்த்த ஓட்டோப் பெட்டிகளில் அது நல்ல ஒன்று.

"நானா, இது சுகமான பெட்டி" என்றேன்.

ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு நானா ஏறினார். லாத்தா வெளியே நின்று துஆ ஓதினார். நானா டிரைவில் போட்டு பிரேக்கில் இருந்து காலை எடுத்தார். ஓட்டோக் கார் அப்போது தானாக மெதுவாக ஊரும். அக்சிலேற்றரைத் தொடத் தேவையில்லை. வளவுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்து நிறுத்தினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"நான் சொல்ல முதல் இது எங்க போகுது?" என்று கேட்டார்.

"அது அப்பிடித்தான் நானா, ஓட்டோ எண்டா."

"நான் இல்லாட்டியும் இது போகும்."

இறங்கி மனுவல் காரைப் பார்த்தார். பொனற்றில் கை வைத்தார். குளிர்ந்திருந்தது. "இதை எடு" என்றார்.

லாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு காலை வச்சுக்கொண்டு மூண்டு பெடல் வாங்கிறது ஆருக்கு?"

நானா என்னைக் காட்டினார். "என்ட கால் ஒண்டு, இவன்ட கால் ரெண்டு. மூண்டு பெடலுக்கு மூண்டு கால். சரிதானே?"

நானும் முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். ஊருக்கு வரும் வழியில் அவர் பகிடி விடவில்லை என்று விளங்கியது. கார் ஓட்டப் பழக்கும் வாகனங்களில் பழக்குபவருக்கு இடப்பக்கத்திலும் ஒரு கிளச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். எங்கள் கராஜுக்குப் பின்னால் அப்படி ஒரு பழக்கும் கார் உடைத்துப் போட்டிருந்தது. அதில் பிரேக் போய்விட்டது, கிளச் இருந்தது. அந்தக் கிளச் பெடலைக் கம்பியோடு கழற்றி, புதுக் காரின் இடப்பக்கத்தில் பூட்டினேன். இங்கே மிதித்தால் அங்கே நானாவின் கிளச் தானாக இறங்கும். அவர் ஸ்ரியரிங்கையும் கியரையும் வலது காலின் இரண்டு பெடலையும் பார்க்க வேண்டும். நான் கிளச்சைப் பார்க்க வேண்டும்.

பெரிய வீதிக்கு நாங்கள் ஏறமாட்டோம். வீட்டில் இருந்து கடற்கரை வெட்டைவெளி வரை நான் ஓட்டுவேன். அங்கே இடம் மாறுவோம். உப்புப் பூத்த பெரிய வெட்டை, ஒரு பக்கம் கடல், கழுதைகளைத் தவிர யாரும் வரமாட்டார்கள். லாத்தா பின் சீற்றில் இருப்பார். ஓட்டும்போது பேசாத பழக்கம் நானாவுக்கு அப்போதும் போகவில்லை. அதனால் கிளச் வேண்டும்போது கையில் இருந்த வெள்ளி மோதிரத்தால் கியர்க் கம்பின் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவார். ஒரு தட்டு டீசல் என்ஜினின் சத்தத்தில் காணாமல் போய்விடும். இரண்டு தட்டினால் கேட்கும். டக் டக். நான் மிதிப்பேன். அவர் கியரை மாற்றுவார். கம்பு அமர்ந்ததைப் பார்த்து நான் மெல்ல விடுவேன்.

முதல் நாள் கார் தவளை மாதிரிப் பாய்ந்தது. "உனக்குக் கால் ரெண்டும் இருக்கு, காதுதான் இல்ல" என்று ஏசினார். பின்னால் லாத்தா, "இந்த ரெண்டு பேரும் சேந்து ஒரு சாரதியாக வரமாட்டீங்கள்" என்று சிரித்தார். சில நாட்களில் சரிவந்தது. பிறகு நான் தட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய கை கம்பின்மேல் வைக்கப்படும் விதத்திலேயே தெரிந்துவிடும். ஆனாலும் தட்டுவார். நான்காம் கியரில் காற்று யன்னலால் அடிக்கும்போது, "இப்ப பிடி தெரியுது" என்று ஒருநாள் சொன்னார். என்னுடைய காலில் தெரிந்த பிடி அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அவர் சாப்பிடத் தொடங்கினார். கராஜுக்கும் வந்து ஏசத் தொடங்கினார்.

அப்படி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போனது.

ஒருநாள் வெட்டையில் மூன்றாம் கியரில் வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு கழுதை குட்டியோடு வழியில் நின்று கடதாசிப் பெட்டி ஒன்றைத் தின்றுகொண்டிருந்தது. வழக்கமாக நானா தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். அன்று குறையவில்லை. என்ஜின் இன்னும் உறுமியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிரேக் பிடிக்கிற ஒருவரின் முகம்தான் அது. மோதிரத் தட்டும் வரவில்லை. நான் கிளச்சைக் கடைசி வரை மிதித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். என்ஜின் வெறுமனே கத்தியது. கார் சறுக்கிக்கொண்டு போய்க் கழுதைக்கு முன்னால் நின்றது. கழுதை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் பெட்டியைத் தின்றது.

"நான் தட்டேல்லையே" என்றார் நானா.

"இல்ல நானா."

"பிறகேன் மிதிச்சனீ?"

என்ஜின் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். வலது கால் அக்சிலேற்றரின் மேல் இருந்தது. பிரேக்கில் வைத்திருப்பதாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். கையால் முழங்காலைப் பிடித்து அந்தக் காலைத் தூக்கி எடுத்தார். சத்தம் நின்றது.

"இதுவுமா?" என்றார். என்னிடம் கேட்கவில்லை.

பின்னால் லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். நானா திறப்பைத் திருப்பி என்ஜினை நிறுத்தி, திறப்பை இழுத்து என் உள்ளங்கையில் வைத்து என் விரல்களை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அவர் ஓட்டவில்லை. ஓட்டோவாக இருந்திருந்தால் அன்று மிதிக்க எனக்கு ஒரு கிளச் இருந்திருக்காது என்பதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் ஓட்டோ கேட்ட லாத்தாவுக்கு நோகும்.

சில நாட்கள் நான் ஓட்ட, அவர் இடப்பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இல்லாத காலுக்குக் கீழே அந்தக் கிளச் பெடல் நின்றது. பிறகு சிறுநீரகமும் பழுதாகி அவர் கட்டிலோடு ஆனார்.

அதே காலத்தில் என்னுடைய இடது முழங்காலும் போய்விட்டது. வாகனங்களுக்குக் கீழே குந்தியிருந்ததும் கிளச் மிதித்ததும் சேர்ந்து தேய்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். தெற்கில் ஒரு ஆஸ்பத்திரியில் வெட்டித் தைத்தார்கள். நான் அங்கே படுத்திருந்த கிழமைகளில் நானா மௌத்தானார். தடியை ஊன்றிக்கொண்டு ஜனாஸா அடக்கத்துக்கு வந்து சேர்ந்தேன். தொழுகையில் மற்றவர்கள் நின்றார்கள், நான் கதிரையில் இருந்தேன்.

கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தா முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு லாத்தா ஆள் அனுப்பினார். கார் வளவில் தூசி பிடித்து நின்றது. வாங்க ஒருவர் கேட்டிருக்கிறார், ஆனால் இடப்பக்கத்தில் இருக்கிற கிளச்சைப் பார்த்துவிட்டு, இது பழக்கும் வாகனமா, கண்டவனெல்லாம் ஓட்டிய காரா என்று சந்தேகப்படுகிறார். அதைக் கழற்றிவிட வேண்டும்.

முழங்கால் மடியாது என்பதால் கதவைத் திறந்து, காரின் வாசல் பக்கமாகப் படுத்துக்கொண்டு கையை உள்ளே விட்டேன். லாத்தா வீட்டு வாசலில் கதிரையில் இருந்தார். மேல் போல்ட் உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது. ஸ்பனரை எடுத்து, இறுக்கம் விடட்டும் என்று அதன் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன். டக் டக்.

"தம்பி," என்றார் லாத்தா.

நான் நிறுத்தினேன்.

"அவர் கடைசியில அப்பிடித்தான் தட்டுவார். கட்டில் கம்பியில, மோதிரத்தால. வாய் பேசேல்ல அப்ப. தண்ணியாக்கும் எண்டு கொண்டு போய்க் குடுப்பன். குடிக்கமாட்டார். முகத்தைத் திருப்பிப்போட்டுத் திருப்பித் தட்டுவார். தலையணைய மாத்துவன். யன்னலத் திறப்பன். யாசீன் ஓதுவன். பிறகும் தட்டுவார். ஒரு மனுசன் கடைசியா ஒண்டு கேட்டு அதக் குடுக்காம விட்டிட்டனே எண்டுதான் எனக்கு. பின் சீற்றில இருந்து எத்தினை தரம் கேட்ட தட்டு. கட்டிலில கேக்கேக்க எனக்கு விளங்கேல்ல. இப்ப நீ தட்டத்தான் அதே தட்டெண்டு விளங்குது."

காருக்குள் தலையை வைத்துக்கொண்டே கிடந்தேன். வெளியே எடுத்தால் என் முகத்தைப் பார்த்துவிடுவார். சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"கிளச் கேட்டிருக்கிறார், லாத்தா."

அவர் எழுந்து வரும் சத்தம் கேட்டது. எனக்குப் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெடலைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா? அண்டைக்கு விளங்கியிருந்தா நானே மிதிச்சிருப்பனே," என்றார்.